மணல் மூட்டைகளுக்குப் பெயர் வைத்தவன்

1942 ஜனவரி 12, திங்கள்

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். எந்தப் பக்கம் பற்றும், புகை என்ன நிறத்தில் வரும் என்பதுவரை சொன்னேன். யார் கேட்டார்கள்? இன்று காலை விமானத்தைத் தரையில் நிறுத்தி என்ஜினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது பக்கம் குப்பென்று பிடித்துக்கொண்டது. நுரை அடித்து அணைத்தார்கள். முதல் ஆளாக ஓடியது நான்தான். சரி, மூன்றாவது ஆள்.

நாட்குறிப்பு எழுதுவது எனக்குப் புதிது. கிறிஸ்துமஸுக்கு லேனே கொடுத்தாள். "மாமா, உங்க கதையெல்லாம் வாயோட போயிடுது. எழுதியாவது வையுங்க" என்றாள். லேனே என் அக்கா மகள். அக்கா செத்த பிறகு ஆறு வயதிலிருந்து எங்கள் வீட்டில் வளர்ந்தவள். போன யுத்தத்தில் கப்பலில் இருந்தபோது நான் ஒரு திமிங்கிலத்தின் முதுகில் படுத்துத் தூங்கிய கதையை இந்த லோட்சின் ஊரிலேயே நம்பிய ஒரே ஜீவன் அவள்தான்.

தொழிற்சாலை விஷயத்தை எழுதினால் சிறை. அதனால் இந்தப் புத்தகம் நிலவறையில் உருளைக்கிழங்குக்கு அடியில் கிடக்கும். எர்னாவுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. என் மனைவிக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு எலிகூட இடம் மாறாது.

"என்ன எழுதுறீங்க?"

"தீப்பிடிக்கும்னு போன வாரமே சொன்னேன்ல, அதை."

"போன வாரம் நீங்க சொன்னது பனி கொட்டும்னு. அதுவும் கொட்டல."

விமானத்தைப் பற்றியும் எழுதவேண்டும். பெரிய குண்டுவீச்சு விமானம். என்ஜின் நான்கு, ஆனால் பார்த்தால் இரண்டுதான் தெரியும். பக்கத்துக்கு இரண்டாக ஒட்டி, ஒரே உறைக்குள் திணித்து, ஒரே விசிறியைச் சுழற்ற வைத்திருக்கிறார்கள். காற்றின் தடை குறையுமாம், வேகம் கூடுமாம். காய்ச்சல்காரர்கள் இரண்டு பேரை ஒரே போர்வைக்குள் படுக்கவைத்தால் என்ன ஆகும்? காய்ச்சல் ஏறும். அதனால்தான் அவளுக்குக் காய்ச்சல்காரி என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். வேறு யாராவது தான் வைத்ததாகச் சொன்னால் நம்பவேண்டாம்.

ஜனவரி 20, செவ்வாய்

என் வேலையைப் பற்றி ஊரில் கேட்டால் "எடை நிபுணர்" என்று சொல்லுவேன். வேலை இதுதான்: சோதனைப் பறப்புக்குப் போகும்போது குண்டும் கிடையாது, துப்பாக்கிக்காரர்களும் கிடையாது. ஆனால் அந்த எடை வேண்டும். அதற்கு மணல் மூட்டை. குண்டு அறையில் இத்தனை, வால் பக்கம் இத்தனை, ஒவ்வொரு துப்பாக்கிக்காரனின் இருக்கையிலும் ஒரு ஆள் கனத்துக்கு ஒரு மூட்டை, வாரால் கட்டி. மணலை அள்ளிக் கொட்டுவது போலந்துக் கைதிகள். அவர்களோடு பேசக்கூடாது. கட்டுவது நான்.

இருக்கையில் உட்காரும் மூட்டைகளுக்குப் பெயர் வைப்பது எங்கள் விமானக் களத்து வழக்கம். சுண்ணக்கட்டியால் எழுதுவோம். வாலில் உட்கார்ந்திருப்பது வரி அதிகாரி. கீழ்க் கூண்டில் என் மாமியார். விமானத்தின் முதுகில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. அங்கே 'நங்கூரம்' சாராயக்கடை பார்டெல்ஸ். இருப்பதிலேயே குண்டு மூட்டை அதுதான், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். ஏற்றுவதற்கு முன்னால் எல்லோரும் மூட்டையைத் தட்டிக்கொடுத்து, "பத்திரமா போயிட்டு வாங்க பார்டெல்ஸ்" என்று சொல்லவேண்டும். சொல்லாமல் ஏற்றினால் அன்றைக்கு ஏதாவது கோளாறு வரும். விமானி கேப்டன்கூடச் சொல்லுவார், மீசைக்குள் சிரித்துக்கொண்டு.

மாத்தெஸ் லேனேயின் புருஷன். பறக்கும் மெக்கானிக். கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ஜின் சூட்டையும் எண்ணெய் அழுத்தத்தையும் பார்த்துச் சொல்லுகிற ஆள். அவனைத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டது நான். (அவனே வந்து சேர்ந்தான். ஆனால் வாசல் எங்கே என்று கேட்டபோது காட்டியது நான்.) இன்று புது மஃப்ளர் போட்டுக்கொண்டு வந்தான். லேனே பின்னியது. பாதி பச்சை, முடிவில் பழுப்பு. நூல் தீர்ந்துபோய் என் பழைய சாக்ஸைப் பிரித்துச் சேர்த்திருக்கிறாள்.

"மாமா, உங்க காலை என் கழுத்துல கட்டியிருக்கா" என்றான் மாத்தெஸ்.

"கவலைப்படாதே மாப்பிள்ளை, துவைச்ச சாக்ஸ்தான்."

"அத்தை அப்படிச் சொல்லலியே."

பிப்ரவரி 3, செவ்வாய்

காற்று. பறப்பு இல்லை. சாப்பாட்டுக்கு முட்டைக்கோஸ்.

பிப்ரவரி 8, ஞாயிறு

லேனே உண்டாகியிருக்கிறாள். செப்டம்பரில் என்கிறாள். எர்னா ஒளித்துவைத்திருந்த நிஜக் காப்பிக்கொட்டையை எடுத்து அரைத்தாள். என் பிறந்தநாளுக்குக்கூட அதை எடுத்ததில்லை.

சாப்பிட்ட பிறகு மாத்தெஸும் எர்னாவும் பாத்திரம் கழுவப் போனார்கள். லேனே மெதுவாகச் சொன்னாள். "அவர் பறக்கிறதை விட்டுட்டு பட்டறைக்குள்ள வேலைக்கு மாறலாமான்னு யோசிக்கிறார் மாமா. நான் ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே கேட்டுடுவார். சொல்லவா?"

நான் சொன்னேன்: "எதுக்கும்மா? நான் அங்கதானே இருக்கேன். ஒவ்வொரு தடவையும் கிளம்புறதுக்கு முன்னாடி எங்க என்ஜினியர் டாக்டர் ஸ்ட்ரூவே என் மூஞ்சியைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டினாத்தான் வண்டி நகரும். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தாப் போதும், மாப்பிள்ளையைத் தூக்கிக் கீழ போட்டுடுவேன்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. அப்படியென்றால் சரி மாமா என்றாள். நல்ல காப்பி.

பிப்ரவரி 19, வியாழன்

தலைநகரிலிருந்து அமைச்சகத்து ஆட்கள் வந்தார்கள். கோட்டுக் காலரெல்லாம் நரித்தோல். இவ்வளவு பெரிய விமானம் சின்னக் கழுகு மாதிரித் தலைகீழாகப் பாய்ந்து குண்டு போடவேண்டுமாம். வடிவமைத்த என்ஜினியர் டாக்டர் ஸ்ட்ரூவே அவர்களுக்குப் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். எனக்குத் தோன்றியது, ஒரு பசுமாட்டை மரத்தில் ஏறச் சொல்லுகிறார்கள் என்று. அதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

மேலே உள்ள கடைசி வரியை எர்னா படித்துவிட்டு, "நேரா சொல்லியிருந்தா இந்நேரம் வீட்டுக்கு வந்திருக்க மாட்டீங்க" என்றாள். ஆகவே: மனதுக்குள் சொன்னேன். கொஞ்சம் சத்தமாக.

மார்ச் 5, வியாழன்

ஆகாயத்தில் புகைந்தது, வலது பக்கம். கேப்டன் இறக்கிவிட்டார். மாத்தெஸ் இறங்கி வந்து புல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, கால்விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எல்லாம் இருக்கு மாமா" என்றான். சிரித்தான். பூட்ஸை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

இதை லேனேயிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். நான் சொல்லவில்லை. அவள்தான் சாயங்காலம் கேட்டாள், எல்லாம் நல்லா போகுதா மாமா என்று. தலையை ஆட்டினேன்.

மார்ச் 17, செவ்வாய்

விழுந்துவிட்டது.

மாத்தெஸ்.

மார்ச் 18, புதன்

எழுதினால் கொஞ்சம் தள்ளிப்போகும் என்று பார்க்கிறேன்.

முதல் பாய்ச்சல் சோதனை. என்ஜின் உறைகளை மேலிருந்து கண்ணால் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். முதுகுக் கூண்டிலிருந்துதான் இரண்டு பக்கமும் தெரியும். அதனால் மாத்தெஸை அங்கே உட்காரச் சொன்னார்கள். பார்டெல்ஸ் மூட்டையை நான்தான் வாரைக் கழற்றி இறக்கினேன். புல்வெளி ஓரத்தில் நிறுத்திவைத்தேன். கேப்டன், மாத்தெஸ், அளவு எழுதும் ஒரு பையன் — மூன்று பேர்.

நல்ல வெயில். ரொம்ப உயரத்தில் வெள்ளிக் குச்சி மாதிரி இருந்தாள். மூக்கைக் கவிழ்த்தாள். பாய்ந்து வரும்போது வலது பக்கத்திலிருந்து ஒரு கறுப்பு நூல் நீண்டது. நூல் தடித்தது. நிமிர்வாள், நிமிர்வாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். காட்டுக்குப் பின்னால் போனாள். சத்தம் அப்புறம்தான் வந்தது.

மணல் அள்ளும் போலந்துக்காரர்கள் அள்ளுவதை நிறுத்தினார்கள். அதில் ஒரு வயசாளி குல்லாயைக் கழற்றினான். காவலாள் திட்டியதும் போட்டுக்கொண்டான்.

அவனுக்கு எதற்கு அந்த மரியாதை? அந்த விமானம் நன்றாகப் பறந்தால் அவன் ஊர் மேல்தானே போகும். அவன் கழற்றினான். நான் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தேன்.

லேனேயிடம் சொல்லப் போனவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "நீங்க களத்துல இருந்தீங்களா மாமா?"

மார்ச் 21, சனி

அடக்கம். பெட்டிகள் மூடியே இருந்தன. மாத்தெஸின் பெட்டியைத் தூக்கிய நான்கு பேரில் நானும் ஒருவன். எடை என் வேலை. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தோளுக்குத் தெரிந்தது. ஆள் கனம் வருவதற்கு மணல் போட்டிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு நங்கூரம் கடைக்குப் போனோம். எங்கள் மேசையில் எல்லோரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. மௌனத்தோடு எனக்கு எப்போதுமே ஒத்துவராது. எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, என் குரல் எனக்கே கேட்டது: "நான் அன்னைக்குக் காலையில அவன்கிட்டச் சொன்னேன். இன்னைக்கு ஏறாத மாப்பிள்ளை, எண்ணெய் வாசனை சரியில்ல, அவ எரியப்போறா, உனக்குப் பதிலா பார்டெல்ஸே போகட்டும்னு சொன்னேன்."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். கடைக்காரர் பார்டெல்ஸ் என் தோளில் கை வைத்தார். "அவன் என்ன சொன்னான்?"

"நான் போகலன்னா யார் மாமா போவான்னு சொல்லிட்டு, ஏணியில ஏறினான்."

தபால்கார க்ரோன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் அழுகை வந்தது. நிஜ அழுகை.

மார்ச் 24, செவ்வாய்

ஊர் வாய்க்கு மூன்று நாள் எதற்கு? லேனேயின் காதுக்குப் போய்விட்டது.

சமையலறையில் நின்றுகொண்டே கேட்டாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாமா?"

நான் ஏதோ முனகினேன்.

"எரியப்போகுதுன்னு தெரியும். தெரிஞ்சும் அந்த மூட்டையை நீங்களே இறக்கி, அவருக்கு இடம் பண்ணிக் கொடுத்தீங்க."

"அவன் கேக்கலம்மா—"

"ஒரு சின்னச் சந்தேகம் வந்தாப் போதும், தூக்கிக் கீழ போட்டுடுவேன்னு சொன்னீங்க. இந்த மேசையில உக்காந்து சொன்னீங்க. அதை நம்பித்தானே நான் அவர்கிட்ட எதுவும் சொல்லல."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் நங்கூரத்தில் அழுதவர்கள் என்ன நினைப்பார்கள்? செத்தவன் பேரில் கதை கட்டியவன் என்று காறித் துப்புவார்கள். அதைவிட, தெரிந்தும் காப்பாற்ற முடியாமல் போன ஆள் மேல் என்று — இப்படியா ஒருத்தன் கணக்குப் போடுவான்? போட்டேன். அவள் என் முன்னால் நிற்கும்போதே போட்டேன்.

அவள் விஸ்மருக்கு, மாத்தெஸின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 31, செவ்வாய்

எர்னாவின் தங்கை லூபெக்கிலிருந்து வந்துவிட்டாள். அவர்கள் தெரு முழுக்க எரிந்துபோயிற்று. எதிரி விமானங்கள் இரவில் குண்டு போட்டுவிட்டுப் போயினவாம். ஒரு மெத்தை, ஒரு தையல் மெஷின், பாதி கருகிய தலைமுடி. வாசலில் வந்து நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை.

அவளைப் படுக்கவைத்துவிட்டு வந்து எர்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க காய்ச்சல்காரி ஒழுங்கா பறந்தா என்ன பண்ணும்?"

"என்ன பண்ணும்? தூரமா போகும்."

"போய்?"

நான் அடுப்புக்குக் கரி போட்டேன்.

"அங்கயும் ஒருத்தி இதே மாதிரி மெத்தையோட தங்கச்சி வீட்டு வாசல்ல நிப்பா. அந்த மணலுக்குப் பதிலா நாளைக்கு எது ஏறும்னு நீங்க நினைச்சே பார்த்ததில்ல. பேர் வச்சு விளையாடிக்கிட்டிருந்தீங்க."

சத்தம் போடாதே, பக்கத்து வீட்டில் கேட்கும் என்றேன். அதுதான் எனக்கு வந்த பதில்.

ஏப்ரல் 9, வியாழன்

விசாரணை. தோல் கோட்டுப் போட்ட அதிகாரி. மேசையில் ஒரு தட்டில் கேக் இருந்தது, அவர் தொடவில்லை.

"விமானம் எரியும் என்று முன்கூட்டியே அறிந்தவர் நீங்கள்தானா?" என்றார். ஊரில் எல்லோரும் அப்படிச் சொல்லுகிறார்களாம். அறிந்தும் மேலே தெரிவிக்காமல் இருப்பதற்கு யுத்த காலத்தில் என்ன பெயர் என்று கேட்டார். எனக்குத் தெரியும் அந்தப் பெயர். அதற்கு மரண தண்டனை.

நான் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. ரொம்பச் சின்ன வாக்கியம். சொல்ல ஒரு மூச்சுகூடப் பிடிக்கவில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம், "இந்த ஆள் சொன்னது எதையும் எழுத வேண்டாம்" என்றார். போகச் சொன்னார்.

வெளியே வந்து தொப்பியைப் போட்டுக்கொண்டேன். முகம் தெரியாத ஒருத்தனிடம் நிஜம் அவ்வளவு சுலபமாக வந்தது.

ஏப்ரல் 10, வெள்ளி

தொழிற்சாலையில் என் பெட்டியைத் திறந்தேன். பார்த்தேன். மூடிவிட்டேன்.

மே 6, புதன்

அடுத்த விமானம் களத்துக்கு வந்துவிட்டது. அதே உறை, அதே ஜோடி என்ஜின், குழாய்களை மட்டும் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். விபத்துக்குக் காரணம் கேப்டன் சரியாக நிமிர்த்தவில்லை என்று முடிவாகியிருக்கிறது. செத்தவர் மறுத்துப் பேசமாட்டார்.

மூட்டைகளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. புதிதாக வந்த ஒருவன் சுண்ணக்கட்டியை எடுத்தான். நான் அவன் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டு வேளையில் டாக்டர் ஸ்ட்ரூவே மணல் மேட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. (கிளம்புவதற்கு முன்னால் அவர் என் மூஞ்சியைப் பார்ப்பார் என்று எழுதியிருக்கிறேன். அவருக்கு என் பெயர் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.)

"டெட்மன், நீங்க முன்னாடியே சொன்னீங்களாமே" என்றார்.

நான் ரொட்டியைப் பார்த்தேன்.

"எனக்கும் தெரியும். எண்ணெய்க் குழாய்க்கும் புகைக் குழாய்க்கும் நடுவுல என் சுண்டுவிரல்கூட நுழையாது. படம் வரையும்போதே தெரிஞ்சது. கூட்டத்துல ஒவ்வொருத்தரையும் கேட்டாங்க, ஆட்சேபணை இருக்கான்னு. என் முறை வந்தப்ப நான் பென்சில் சீவிக்கிட்டிருந்தேன். நல்லாத்தான் கூர் வந்தது." பிறகு, "நீங்களாவது அவன்கிட்ட வாயைத் திறந்தீங்க" என்றார்.

வாயைத் திறந்தேன். மூடிவிட்டேன். அவர் எழுந்து கால்சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். அந்த மனுஷனுக்கு என்னைப் பார்த்துப் பொறாமை. என் வாழ்க்கையில் ஒரு டாக்டர் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவார் என்று நான் கதையில்கூடக் கட்டியதில்லை.

ஜூன் 14, ஞாயிறு

விஸ்மருக்குப் போனேன். எர்னா முட்டையை வைக்கோலில் சுற்றிக் கூடையில் வைத்துக் கொடுத்தாள், வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு போனேன். ரயிலில் என்ன சொல்லவேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். மூன்று விதமாக வந்தது. மூன்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாக இருந்தேன்.

மாத்தெஸின் அம்மா கதவைத் திறந்தாள். முட்டையை வாங்கிக்கொண்டாள். "அவ தூங்குறா" என்றாள். மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது.

நங்கூரம் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு என் கதையை க்ரோன் சொல்லுகிறானாம். என்னைவிட நன்றாகச் சொல்லுகிறான் என்று கேள்வி.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

மழை. எர்னா திடீரென்று கேட்டாள்: "அன்னைக்குக் காலையில நிஜமாவே அவன்கிட்டச் சொன்னீங்களா?"

"ஏன் கேக்குற?"

"உங்களோட இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், அதான் கேக்குறேன்."

அவளுக்குத் தெரியும். மார்ச் மாதத்திலிருந்தே தெரியும். நானாகச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். பூனை எலி வளைக்கு முன்னால் உட்காருகிற மாதிரி இல்லை. நோயாளி பக்கத்தில் வைத்தியர் உட்காருகிற மாதிரி.

செப்டம்பர் 19, சனி

பெண் குழந்தை. மாத்தெஸின் அம்மா அட்டை போட்டிருக்கிறாள், எர்னா பெயருக்கு. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குழந்தைக்குத் தலை நிறைய முடியாம்.

அக்டோபர் 11, ஞாயிறு

எர்னா தானும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். இந்தத் தடவை ரயிலில் ஒத்திகை பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பீட்ரூட் வயல்களைப் பார்த்துக்கொண்டு போனேன்.

லேனேயே கதவைத் திறந்தாள். இளைத்திருக்கிறாள். என் அக்காவின் முகம் அப்படியே வந்திருக்கிறது. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, கதவை மூடவும் இல்லை. நான் வாசல்படியில் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் கதை ஆகிவிடும் என்று பயம்.

"நான் அவன்கிட்ட எதுவும் சொல்லலம்மா. எண்ணெய் வாசனையும் வரல, ஒண்ணும் வரல. எனக்கு எதுவுமே தெரியாது. கடையில எல்லாரும் சும்மா உக்காந்திருந்தாங்க, என்னால சும்மா இருக்க முடியல, சொல்லிட்டேன். யார் மாமா போவான்னு அவன் கேட்டதும் கிடையாது. நான் தலையாட்டினாத்தான் வண்டி கிளம்பும்னு உன்கிட்டச் சொன்னேன் பாரு, அதுவும் இல்ல. அங்க என் தலையை யாரும் பார்க்கிறதில்ல. நான் மூட்டை தூக்குறவன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் பட்டறைக்குள்ள இருந்திருப்பான். நான்தான் உன்னைச் சொல்லவிடல."

உள்ளே குழந்தை முனகியது. அடிப்பாளோ என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"திமிங்கிலம் பொய்னு எனக்கு ஆறு வயசுலயே தெரியும் மாமா" என்றாள். "நீங்க சொன்ன எதையுமே நான் நம்பினதில்ல. கேக்க நல்லா இருக்கும், அவ்வளவுதான். அவரை நான் பார்த்துக்கிறேன்னு சொன்னீங்க பாருங்க, அது ஒண்ணைத்தான் நம்பினேன்."

இதற்கு என்ன சொல்லமுடியும்? நான் எதுவும் சொல்லவில்லை. எர்னா கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

பிறகு கேட்டாள்: "அப்போ நிஜமா என்ன பேசினீங்க? கடைசியா?"

"மஃப்ளரைப் போட்டுக்கோ மாப்பிள்ளை, மேல குளிரும்னு சொன்னேன். அவ்வளவுதான்."

இது நிஜம். இதைவிடச் சின்ன நிஜத்தை என் வாழ்க்கையில் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பின்னினதா? பச்சை?"

"அதேதான். என் சாக்ஸ் நூல் வச்சது."

"போட்டுக்கிட்டாரா?"

"போட்டுக்கிட்டான்மா. ரெண்டு சுத்துச் சுத்தி, முனையைக் கோட்டுக்குள்ள செருகிக்கிட்டான். அப்புறம்தான் ஏணியில ஏறினான்."

தலையை ஆட்டினாள். திரும்பத் திரும்ப ஆட்டினாள். பிறகு உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "குளிர் உள்ள வருது மாமா, கதவைச் சாத்திட்டு வாங்க" என்ற குரல் கேட்டது. குழந்தையை என் கையில் கொடுத்தாள். எடை நிபுணராகச் சொல்லுகிறேன், ஒரு ரொட்டியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இனிமேல் வராதீங்க என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது முட்டைக் கூடையைத் திருப்பிக் கொடுத்தாள். அத்தையிடம் கொடுத்து நிரப்பி அனுப்பச் சொன்னாள், அடுத்த தடவைக்கு.

ரயிலில் வரும்போது ஒன்றை எழுதிவைக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். இந்தப் புத்தகத்தில் நான் கட்டிவிட்டது எத்தனையோ இருக்கிறது. புகையின் நிறம், நரித்தோல் காலர், எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும். இது ஒன்று மட்டும் சரியாக இருக்கவேண்டும்.

அவன் போட்டுக்கொள்ளவில்லை. நான் சொன்னதும் கோட்டுப் பையிலிருந்து மஃப்ளரை உருவினான். புல்வெளி ஓரத்தில் நான் இறக்கிவைத்திருந்த மூட்டையிடம் போய், அதன் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டான். "பார்டெல்ஸுக்கும் குளிரும்ல மாமா" என்றான். மூட்டையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஏறினான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த மஃப்ளர் தொழிற்சாலையில் என் பெட்டியில் இருக்கிறது. மணல் ஒட்டியிருக்கிறது. துவைக்கவில்லை. அவளிடம் கொடுக்க இனி வழியில்லை.